பாலர் பள்ளி மூடியிருந்த மாதத்துக்கும் கட்டணமா? கணக்கும் சட்டமும்

கோவிட் பரவலால் 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும் பாலர் பள்ளிகள் மூடப்பட்டன. மறுபடி கதவு திறக்க ஜூலை 1 ஆனது. இடையில் 105 நாள். செந்தூலானாலும் பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும், பட்டர்வொர்த்தானாலும் பிறையானாலும், தனியார் பாலர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் ஒரே கேள்விதான்: பிள்ளை வீட்டில் இருக்கிறது, கட்டணம் எதற்கு? பள்ளி நடத்துபவருக்கும் ஒரு கேள்வி இருந்தது: கட்டணம் வராவிட்டால் ஆசிரியைகளின் சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பது?

அந்தக் கேள்வி கோவிட்டோடு போய்விடவில்லை. கை, கால், வாய்ப்புண் நோய் பரவினால் சுகாதார இலாகா மையத்தை மூடச் சொல்லும். புகைமூட்டம் கடுமையானால் மூட நேரும். ஒவ்வொரு தடவையும் அதே சச்சரவு எழும். இரண்டு தரப்பும் கட்டணத்தை ஒரே மொத்தத் தொகையாகப் பார்ப்பதே இதற்குக் காரணம். அதைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் சட்டமும் பேச்சுவார்த்தையும் தேவை.

முதலில், உங்கள் பிள்ளை போவது தடிகாவா, தஸ்காவா?

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் பாலர் பள்ளி என்கிறோம். சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு.

தஸ்கா என்பது நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பராமரிப்பு மையம். 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் (சட்டம் 308) கீழ் சமூகநல இலாகாவில் பதிவு செய்யப்படுவது. ஒரு வயதுக்குக் குறைந்த மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது அங்கே விதி.

தடிகா என்பது நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானது. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் (சட்டம் 550) கீழ் கல்வி அமைச்சில் பதிவு செய்யப்பட்டு, தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியது.

பராமரிப்பு மையத்தில் நீங்கள் காசு கொடுப்பது, பிள்ளையை ஒருவர் நேரில் பார்த்துக்கொள்வதற்கு. கதவு மூடினால் அந்தச் சேவை முழுவதுமாக நின்றுவிடுகிறது. இணையம் வழியாக யாரும் ஒரு குழந்தைக்குச் சோறூட்ட முடியாது. தடிகாவில் கொடுப்பது பாடத்துக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து. பாடத்தில் ஒரு பகுதியையாவது வீட்டுக்கு அனுப்ப முடியும். ஆகவே இரண்டுக்கும் ஒரே சதவிகிதத்தைப் பொருத்துவது சரியாக வராது.

தமிழ்ப்பள்ளிகளில் இயங்கும் அரசாங்கப் பாலர் வகுப்பு, கெமாஸ் (சமூக மேம்பாட்டு இலாகா) பாலர் பள்ளி, பெர்பாடுவான் (ஒருமைப்பாட்டு இலாகா) பாலர் பள்ளி ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுப்பதால், அங்கே இந்தப் பிரச்சினை இந்த வடிவில் வராது. இக்கட்டுரை தனியார் பள்ளிகளைப் பற்றியது.

ரசீதில் உள்ள வரிகள்

பதிவுப் படிவத்தையும் பழைய ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக இந்த வரிகள் இருக்கும்.

1. பதிவுக் கட்டணம். ஒரே தடவை கட்டுவது. பிள்ளை சேர்ந்து வகுப்பும் தொடங்கிய பிறகு இதைத் திருப்பிக் கேட்பதில் பலனில்லை.

2. முன்பணம். பெரும்பாலும் ஒரு மாதக் கட்டணத்துக்குச் சமம். இது உங்கள் பணம். பள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். விலகும்போது முன்னறிவிப்புக் கொடுத்தால் திரும்பக் கிடைக்க வேண்டியது. மூடியிருந்த மாதத்துக்கு இதைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பள்ளி உதவி செய்வதுபோல் தெரியும். ஆனால் அது உங்கள் பணத்தையே உங்களுக்குக் கொடுக்கிறது. முன்பணத்தைக் கழித்தார்களா, கட்டணத்தைக் குறைத்தார்களா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்.

3. ஆண்டுக் கட்டணம். புத்தகம், சீருடை, காப்புறுதி, கைவேலைப் பொருள்கள். புத்தகங்களும் சீருடையும் பிள்ளையுடையவை. பள்ளி மூடியிருந்தாலும் வாங்கி வந்துவிட வேண்டும். பயன்படுத்தாத கைவேலைப் பொருள்களைப் பையில் போட்டுக் கொடுக்கச் சொல்லலாம்.

4. மாதக் கட்டணம். சச்சரவு முழுவதும் இதில்தான்.

5. உணவு. சில பள்ளிகளில் தனி வரி, சில பள்ளிகளில் மாதக் கட்டணத்துக்குள் அடக்கம். சமைக்காத சாப்பாட்டுக்குக் காசு கேட்க எந்த நியாயமும் இல்லை.

6. முழுநாள் பராமரிப்பு. வகுப்பு முடிந்து மாலை வரை பார்த்துக்கொள்ளும் கூடுதல் தொகை. தஸ்காவுக்குச் சொன்னதே இதற்கும்.

7. வேன். இது பெரும்பாலும் வேன் ஓட்டுநரோடு உங்களுக்குள்ள தனி ஏற்பாடு. பள்ளியிடம் இதைப் பேசிப் பயனில்லை.

எந்த வகை மூடல்?

அதிகாரியின் ஆணையால் பள்ளி முழுவதும் மூடியிருப்பது ஒரு வகை. 2020 மார்ச் 18 முதல் ஜூன் 30 வரை நடந்தது அதுதான். பள்ளி திறந்திருந்தும் பெற்றோர் பயந்து பிள்ளையை அனுப்பாமல் இருப்பது இன்னொரு வகை. 2020 ஜூலைக்குப் பிறகு பல குடும்பங்கள் அப்படித்தான் இருந்தன. அந்தப் பயம் நியாயமானதே. ஆனாலும் பள்ளி தன் சேவையைத் தரத் தயாராக நிற்கிறது. ஆசிரியை வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த நிலையில் கட்டணம் கட்ட வேண்டியதே. குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், உரிமையாகக் கோர முடியாது.

மூன்றாவது, நோய்த்தொற்றால் சில நாள் மட்டும் மூடுவது. மாதக் கட்டணம் என்பது ஆண்டுக் கட்டணத்தைப் பன்னிரண்டாக வகுத்த தொகையாக இருந்தால், இரண்டு மூன்று நாள் மூடலுக்குக் கணக்குப் பார்ப்பதில் பொருளில்லை. பொது விடுமுறை நாளுக்கு யாரும் கழித்துக் கேட்பதில்லை. இரண்டு வாரத்தைத் தாண்டினால் பேச வேண்டும்.

பாதி மாதம் நடந்து பாதி மூடினால் நாள் கணக்கு போடலாம். 2020 மார்ச்சில் திங்கள் முதல் வெள்ளி வரை 22 வேலை நாள். 17ஆம் தேதி வரை 12 நாள். மாதக் கட்டணம் 450 வெள்ளி (ரிங்கிட்) என்றால், நடந்த நாட்களுக்கு உரியது 245 வெள்ளி 45 சென். மூடியிருந்த நாட்களுக்கு உரியது 204 வெள்ளி 55 சென். ஒரு எச்சரிக்கை: பள்ளி தன் ஆண்டு நாட்காட்டியில் ஏற்கெனவே விடுமுறை என்று குறித்திருந்த நாட்களை மூடிய நாட்களாக எண்ணக் கூடாது.

பள்ளியின் பணப்பெட்டிக்குள்

ஒரு நடுத்தரத் தடிகாவைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் ஒரு மூலை வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துவது. 40 பிள்ளைகள், தலைக்கு 450 வெள்ளி, நான்கு ஆசிரியைகள், சமையலுக்கும் துப்புரவுக்கும் ஒருவர். எண்கள் 2020 நிலவரத்தை ஒட்டிய உதாரணம், உங்கள் பள்ளியின் எண்களை இதே இடங்களில் போட்டுப் பார்க்கலாம்.

வரவு: மாதம் 18,000 வெள்ளி.

திறந்திருக்கும் மாதச் செலவு:
ஆசிரியைகள் நால்வருக்குத் தலா 1,600, உதவியாளருக்கு 1,200, ஆகச் சம்பளம் 7,600.
சேம நிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதோடு சொக்சோவும் (ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும் சேர்த்துச் சுமார் 1,140.
வாடகை 4,000.
சாப்பாடு, பிள்ளைக்கு 60 வீதம் 2,400.
மின்சாரம், தண்ணீர், இணையம் 700.
பாடப் பொருள்கள் 800.
காப்புறுதி, உரிமம், துப்புரவுப் பொருள்கள் 360.
மொத்தம் 17,000. உரிமையாளர் கையில் நிற்பது 1,000 வெள்ளி.

இப்போது மூடியிருக்கும் மாதம். சாப்பாடு இல்லை, துப்புரவுப் பொருள் இல்லை. மின்சாரம், தண்ணீர், இணையம் 250க்கு இறங்குகிறது. வீட்டுக்கு அனுப்பும் பயிற்சித் தாளுக்கும் தபாலுக்கும் 400. காப்புறுதியும் உரிமமும் 200. ஆனால் சம்பளமும் வாடகையும் அசையவில்லை. 2020ல் மனிதவள அமைச்சு, நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றே சொன்னது. ஆக மொத்தம் 13,590 வெள்ளி. 40ஆல் வகுத்தால் பிள்ளைக்கு ஏறக்குறைய 340. கட்டணத்தில் முக்கால் பங்கு.

“மூடித்தானே இருக்கிறது, என்ன செலவு?” என்று கேட்கும் பெற்றோருக்கு இதுவே பதில். ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை.

அரசாங்கம் 2020 ஏப்ரலில் விரிவாக்கிய சம்பள உதவித் திட்டத்தில், 75 பேர் வரை வேலை செய்யும் நிறுவனத்துக்கு, 4,000 வெள்ளியும் அதற்குக் குறைவாகவும் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு ஊழியருக்கும் மாதம் 1,200 வெள்ளி கிடைத்தது. நம் உதாரணத்தில் ஐந்து பேருக்கு 6,000. செலவு 7,590க்கு இறங்குகிறது, பிள்ளைக்கு 190. அடுத்து வாடகை. சிறு நடுத்தர நிறுவனத்துக்கு 30 விழுக்காடாவது வாடகையைக் குறைக்கும் கட்டட உரிமையாளருக்கு அப்போது சிறப்பு வரிக் கழிவு இருந்தது. உரிமையாளர் இணங்கியிருந்தால் 1,200 குறையும். செலவு 6,390, பிள்ளைக்கு 160. கட்டணத்தில் 36 விழுக்காடு.

ஒரே பள்ளி, ஒரே மாதம், ஆனால் நியாயமான கட்டணம் 340ஆகவும் இருக்கலாம், 160ஆகவும் இருக்கலாம். எது என்பதை முடிவு செய்வது, பள்ளி உதவிக்கு விண்ணப்பித்ததா, கிடைத்ததா என்பதுதான். முழுக் கட்டணம் கேட்கும் பள்ளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்கப் பெற்றோருக்குத் தயக்கம் வேண்டாம். உதவியும் வாங்கிக்கொண்டு முழுக் கட்டணமும் வாங்குவது சரியல்ல.

இங்கேதான் ஒரு வேதனையான உண்மை வெளிப்படுகிறது. சம்பள உதவி, ஊழியர் சொக்சோவில் பதிவாகியிருந்தால்தான் கிடைக்கும். ஆசிரியைகளுக்குக் கையில் ரொக்கமாகச் சம்பளம் கொடுத்து, சொக்சோவும் சேம நிதியும் கட்டாமல் நடத்திய சிறு பள்ளிகளுக்கு அந்த 1,200 வரவில்லை. சில வெள்ளியை மிச்சப்படுத்தப் போய், நெருக்கடியில் ஆசிரியையின் சம்பளமே போனது. பிள்ளையைச் சேர்க்கும்போது “ஆசிரியைகளுக்கு சொக்சோ கட்டுகிறீர்களா?” என்று கேட்பது அத்துமீறல் ஆகாது.

குடும்பங்கள் விலகினால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கு காட்டும். உதவியெல்லாம் கிடைத்து 6,390 செலவு என்றே வைத்துக்கொள்வோம். பத்துப் பிள்ளைகள் விலகினால் மீதமுள்ள 30 பேருக்குத் தலா 213. இருபது பேர் விலகினால் தலா 319 வெள்ளி 50 சென். முதலில் விலகுகிறவர் சேமிக்கிறார், கடைசிவரை நிற்பவர் மேல் சுமை ஏறுகிறது, அவரும் விலகுகிறார். கடன் வாங்கவோ கையிருப்பை எடுக்கவோ முடியாத சிறு பள்ளி சில மாதங்களில் கதவைச் சாத்திவிடும். பிறகு புதிய பள்ளியில் மறுபடி பதிவுக் கட்டணம், முன்பணம், சீருடை. சேமித்தது கையை விட்டுப் போய்விடும். அதனால்தான் ஒரு சல்லிக்காசும் தரமாட்டோம் என்ற நிலைப்பாடு, சட்டத்தில் இடமிருந்தாலும், பெற்றோருக்கே நல்லதல்ல என்பது இக்கட்டுரையின் கருத்து.

சட்டம் எங்கே நிற்கிறது?

மூன்று சட்டங்களைப் பார்க்க வேண்டும்.

1. ஒப்பந்தச் சட்டம் 1950. பிரிவு 57(2)இன்படி, ஒப்பந்தம் செய்த பிறகு அதை நிறைவேற்றுவது இயலாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாமல் போகும். செல்லாத ஒப்பந்தத்தால் ஒருவர் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 66. குடிமைச் சட்டம் 1956இன் பிரிவு 15, முன்கூட்டிக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழி தருகிறது. கூடவே, அதற்குள் மறுதரப்பு செய்த செலவைக் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது.

படித்ததும் பெற்றோர் பக்கம் சாய்வதுபோல் தோன்றும். சிக்கல் எங்கே என்றால், ஆண்டு முழுவதற்குமான ஒப்பந்தத்தில் மூன்றரை மாத இடைவெளி வந்ததால் ஒப்பந்தமே முறிந்துவிட்டது என்று நீதிமன்றம் எளிதில் சொல்லாது. ஒப்பந்தம் முறிந்தது என்று வாதாடி வென்றால் பிள்ளையின் இடமும் முறிந்துபோகும் என்பதையும் மறக்கக் கூடாது. இடமும் வேண்டும், கட்டணமும் கூடாது என்று இந்தப் பிரிவை வைத்துக் கேட்க முடியாது.

2. கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டம் 2020 (சட்டம் 829). 2020 அக்டோபர் 23இல் அரசிதழில் வந்தது. நோய்த்தடுப்பு நடவடிக்கைகளால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாதவர்களுக்குப் பிரிவு 7 பாதுகாப்புத் தந்தது. அது எல்லா ஒப்பந்தங்களுக்கும் அல்ல. அட்டவணையில் உள்ளவற்றுக்கு மட்டும். கட்டுமானம், நிபுணத்துவச் சேவை, குடியிருப்பு அல்லாத கட்டட வாடகை, நிகழ்ச்சி ஏற்பாடு, சுற்றுலா, புனித யாத்திரை போன்றவை அதில் இருந்தன. பாலர் பள்ளிக் கட்டணம் இல்லை. ஆனால் பள்ளி குடியிருந்த கட்டடத்தின் வாடகை அதில் வந்திருக்கக்கூடும். இந்தச் சட்டத்தைக் காட்டிப் பெற்றோரும் பள்ளியும் ஒருவரை ஒருவர் மிரட்டியதில் பொருளே இல்லை.

3. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 (சட்டம் 599). கைக்கு எட்டும் சட்டம் இதுதான். தொடர்ச்சியாகத் தரப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பற்றிப் பிரிவு 17 பேசுகிறது. பயனீட்டாளர் இடையில் ரத்து செய்தால், சேவை தருபவர் பிடித்துக்கொள்ளக்கூடியது முழு ஒப்பந்த விலையில் 5 விழுக்காடு, பயன்படுத்திவிட்ட பொருள்களின் விலை, அதுவரை தந்த சேவைக்கான செலவு போன்றவையே. ஆண்டுக் கட்டணம் 5,400 வெள்ளி என்றால் 5 விழுக்காடு 270 வெள்ளி. ஓராண்டுக் கட்டணத்தை முழுவதும் முன்கூட்டிக் கட்டிவிட்டு விலக நினைக்கும் பெற்றோருக்கு இந்தப் பிரிவு பெரிய பலம். இடத்தை வைத்துக்கொண்டே தள்ளுபடி கேட்பவருக்கு இது உதவாது.

அதே சட்டத்தில் 2011 முதல் நடப்பில் உள்ள பகுதி 3ஏ, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றியது. “எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது” என்று படிவத்தில் அச்சடித்துவிட்டாலே அது கல்மேல் எழுத்து ஆகிவிடாது. அந்த விதியையே கேள்விக்கு உட்படுத்தலாம்.

எவ்வளவு கட்டுவது நியாயம்?

சட்டம் எண்ணைச் சொல்வதில்லை. மேலே போட்ட கணக்கிலிருந்து பேச்சைத் தொடங்க ஓர் அளவுகோல் வைக்கலாம்.

பள்ளி வாரம் ஐந்து நாளும் இணையத்தில் வகுப்பு எடுத்து, பயிற்சித் தாள்களை வீட்டுக்கு அனுப்பி, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு தடவையாவது ஆசிரியை தனியாகப் பேசினால், சாப்பாட்டையும் பராமரிப்பையும் கழித்துவிட்டு 60 முதல் 75 விழுக்காடு. வாரம் இரண்டு மூன்று காணொளி மட்டும் என்றால் 40 முதல் 50. ஒன்றும் வரவில்லை, இடத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் 25 முதல் 35. இதை இடம் காக்கும் கட்டணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பராமரிப்பு மட்டும் தரும் தஸ்காவுக்கும் இந்தக் கடைசி அளவே பொருந்தும். சம்பள உதவி கிடைத்த பள்ளி என்றால் எல்லாவற்றிலும் கீழ் எல்லை.

இணைய வகுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை திரையின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பெரிது. அந்த அரை மணியும் பக்கத்தில் அம்மாவோ பாட்டியோ இருந்தால்தான் நடக்கும். நாலு மணி நேர வகுப்புக்கு ஈடாக நாலு மணி நேரத் திரையைக் கேட்கும் பெற்றோர், கிடைக்கக் கூடாததைக் கேட்கிறார்கள். மணிக்கணக்கை எண்ணாமல், வாரக் கடைசியில் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்: எழுத்து எழுதியதா, கதை கேட்டதா, ஆசிரியை அதைப் பார்த்துப் பதில் சொன்னாரா?

பேசும் முறை

1. கட்டண நாளுக்கு முன்பே பேசுங்கள். தவணை தாண்டிய பிறகு பேசினால், கோரிக்கை கடன்காரரின் சாக்குப்போல் ஆகிவிடும்.

2. வாட்சாப் குழுவில் தொடங்காதீர்கள். நாற்பது குடும்பம் பார்க்கும் இடத்தில் கேட்டால் பள்ளி நடத்துபவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுப்பது நல்லது. வேலை இழந்த குடும்பம் தனியாகவும் எழுத வேண்டும். அவர்களுக்குத் தேவை வேறு.

3. மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: மாதக் கட்டணத்தில் சாப்பாடும் பராமரிப்பும் எவ்வளவு? சம்பள உதவியோ வாடகைக் குறைப்போ கிடைத்ததா? மூடியிருக்கும்போது பிள்ளைக்கு என்ன தரப்போகிறீர்கள்?

4. எண்ணை நீங்களே சொல்லுங்கள். “ஏதாவது குறைத்துக் கொடுங்கள்” என்றால் பத்து விழுக்காடு வரும்.

5. மாதாமாதம் மறுபரிசீலனை என்று வையுங்கள். 2020 மார்ச்சில் முதலில் அறிவித்தது இரண்டு வாரம்தான். அது நீண்டுகொண்டே போனது.

6. தள்ளுபடி ரொக்கமா, அடுத்த மாதத்தில் கழிவா என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் பள்ளியை முடித்து ஒன்றாம் ஆண்டுக்குப் போகும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, அடுத்த ஆண்டில் கழிவு என்பது வெறும் காகிதம்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, எங்கள் மகள் ஐந்து வயது வகுப்பில் பயில்கிறாள். ஏப்ரல் மாதம் பள்ளி முழுவதும் மூடியிருந்தது. ஆசிரியைகளின் சம்பளம் நிற்கக் கூடாது என்பதே எங்கள் விருப்பமும். ஆகவே உணவுக்கான 60 வெள்ளியைக் கழித்து, மீதத்தில் 60 விழுக்காடாகிய 234 வெள்ளியை இன்று செலுத்துகிறோம். மகளின் இடமும் முன்பணமும் அப்படியே இருப்பதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டுகிறோம். மே மாதக் கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் பேசிக்கொள்வோம்.”

பள்ளி இணங்காமல் முழுத் தொகையைக் கேட்டு, இடம் போய்விடுமோ என்ற பயத்தில் கட்ட நேர்ந்தால், “இந்தத் தொகையைச் செலுத்துவதால், மூடியிருந்த நாட்களுக்கான எங்கள் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கொள்ள வேண்டாம்” என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், “நீங்களே மனமுவந்து கட்டினீர்கள்” என்ற பதில் வரும்.

காரியம் கெடும் இடங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் கட்டுவதை நிறுத்துவது முதல் தவறு. படிவத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று இருந்தால், அறிவிக்காமல் நின்றவரின் முன்பணத்தை அந்த மாதத்துக்கு ஈடாகப் பிடித்துக்கொள்வார்கள். விலகுவது என்றால் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்குங்கள்.

ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்காதது இரண்டாவது. வங்கி மாற்றலில் பிள்ளையின் பெயரையும் மாதத்தையும் குறிப்பாக எழுதிவிட்டால், பின்னால் எந்த மாதத்துக்குக் கட்டினீர்கள் என்ற குழப்பம் வராது.

பள்ளிகளின் பக்கத்திலும் ஒரு பெரிய தவறு உண்டு. கேட்டவருக்கு மட்டும் ரகசியமாகக் குறைத்துக் கொடுப்பது. செய்தி பரவ ஒரு நாள் போதும். முழுக் கட்டணம் கட்டியவர்கள்தான் முதலில் விலகுவார்கள். எல்லாருக்கும் ஒரே விகிதம், வருமானம் இழந்தவர்களுக்குத் தனி விண்ணப்பம் என்று அறிவிப்பதே பள்ளியைக் காக்கும்.

நடுவர் மன்றம் போவது

பேச்சு முறிந்தால், மலேசியப் பயனீட்டாளர் உரிமை கோரும் நடுவர் மன்றம் இருக்கிறது. கோரிக்கை 50,000 வெள்ளி வரை, மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. பாரம் 1ஐப் பூர்த்தி செய்து, ஒப்பந்தம், ரசீது, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றின் நகல்களோடு கொடுக்க வேண்டும். பிரச்சினை எழுந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் பாரம் 2இல் பதில் தர வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

எந்த வழக்கு வலுவானது? முன்பணத்தைத் தர மறுப்பது, ஓராண்டுக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வது, கொடுக்காத சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் பணம் வாங்கியது. இணைய வகுப்பு தரமாக இல்லை என்பது பலவீனமான வழக்கு. அதை நிரூபிப்பது கடினம். மனுவைத் தயாரிக்க உதவி தேவைப்படும் பினாங்குவாசிகள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அங்கே தமிழிலேயே பேசலாம்.

வருமான வரியில் கிடைப்பது

ஆறு வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைக்குத் தஸ்கா அல்லது தடிகாவுக்குக் கட்டிய தொகையில் 3,000 வெள்ளி வரை வரி விலக்குக் கோரலாம். 2020 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2,000ஆக இருந்ததை கோவிட் மீட்சித் திட்டத்தில் 3,000ஆக உயர்த்தினார்கள். கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டுமே கோர முடியும். 2020இல் 8 விழுக்காட்டுப் படியில் இருந்தவருக்கு முழு 3,000உம் கோரினால் மிச்சம் 240 வெள்ளி. உண்மையில் கட்டிய தொகையை மட்டும் எழுத வேண்டும். தள்ளுபடியாகத் திரும்பி வந்ததைக் கழித்துவிட வேண்டும். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

மையம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான் பலரும் தவறவிடுவது. டியூஷன் நிலையமாகப் பதிந்துகொண்டு பாலர் வகுப்பு நடத்தும் இடங்களுக்குக் கட்டிய பணத்துக்கு இந்த விலக்கு இல்லை.

பள்ளி நிரந்தரமாக மூடிவிட்டால்

உரிமையாளர் தனிநபர் வணிகமாகப் பதிந்திருந்தால் முன்பணத்துக்கு அவரே சொந்தப் பொறுப்பு. செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனம் என்றால் கடன் நிறுவனத்துடையது. அது கலைக்கப்படும்போது பெற்றோர் ஈடில்லாத கடன்தாரர்களாக வரிசையில் நிற்க வேண்டும், கிடைப்பது அரிது. மலேசிய நிறுவன ஆணையத்தின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் கட்டி எது என்று பார்த்துக்கொள்ளலாம். இதைச் சேர்ப்பதற்கு முன்பே பார்ப்பது மேல். மூடப்போகிறது என்ற செய்தி கசிந்தாலே, கடைசி மாதக் கட்டணத்தை முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்ளும்படி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த ஆண்டுப் பதிவுப் படிவத்தில் ஒப்பமிடுவதற்கு முன், நான்கு விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேனாவால் எழுதி இருதரப்பும் ஒப்பமிடலாம்: மாதக் கட்டணத்தில் உணவும் பராமரிப்பும் எவ்வளவு என்ற பிரிப்பு. அதிகாரியின் ஆணையால் பத்து வேலை நாளுக்கு மேல் மூடினால் கட்டணம் எத்தனை விழுக்காடு. விலகும் முன்னறிவிப்பு எத்தனை நாள். முன்பணம் திரும்பி வர எத்தனை நாள்.